ஒரே ஐஃபோன், ஒரே ஆண்ட்ராய்டு... நாட்டுக்கு நாடு ஏன் தலைகீழ்?

தொடுதிரை:

வணக்கம் மக்களே. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மொழி கற்றுக்கொடுக்கும் செயலி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் எழுத ஆள் இல்லை. எது முதலில் என்று முடிவெடுக்க நாடுவாரிக் கணக்கை எடுத்து வைத்தேன். குழப்பம்தான் கூடியது.

உலகம் முழுக்கச் சேர்த்தால் ஆண்ட்ராய்டு 70 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, ஐஃபோன் 30க்குக் கொஞ்சம் கீழே. அதுவரை சரி. ஆனால் அமெரிக்காவில் ஐஃபோன் பாதிக்கு மேல். ஜப்பானில் இன்னும் அதிகம், பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல். இந்தியாவில் ஆண்ட்ராய்டு 95 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. பிரேசிலில் பத்துக்கு எட்டு. 'வசதியான நாடு ஐஃபோன் வாங்கும்' என்று முடித்துவிடலாம் என்றால் ஜெர்மனி, ஸ்பெயின், தென்கொரியா மூன்றும் குறுக்கே நிற்கின்றன. மூன்றிலும் ஆண்ட்ராய்டுதான் அதிகம்.

ஜப்பானும் கொரியாவும் பக்கத்துப் பக்கத்து நாடுகள், வருமானத்திலும் பெரிய இடைவெளி இல்லை. அப்புறம் ஏன் இந்தத் தலைகீழ்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெட்டிவாதி:

காசுதான். வேறென்ன? இதற்கு ஒரு இழையா?

தொடுதிரை:

வெட்டி, கொரியாக்காரர்களிடம் காசு இல்லையா? நான் எழுதியதை முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள் :)

அளவுகோல்:

தொடுதிரை, காரணத்துக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. நீங்கள் பார்த்த கணக்கு எதை அளக்கிறது என்று பார்த்தீர்களா? 'சந்தைப் பங்கு' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு கணக்குகள் உலவுகின்றன.

ஸ்டாட்கவுன்டர் தருவது இணையப் பக்கப் பார்வைகளின் கணக்கு. ஒரு பக்கம் திறக்கப்பட்டபோது எந்த இயங்குதளத்திலிருந்து திறக்கப்பட்டது என்று பார்த்து எண்ணுகிறார்கள். அதாவது அவர்கள் எண்ணுவது ஆளை அல்ல, பார்வையை. நாள் முழுக்க உலாவியே கதி என்று இருப்பவர் அந்தக் கணக்கில் இருபது பேருக்குச் சமம். வாட்ஸ்அப்பைத் தாண்டி எதையும் தொடாதவர் கிட்டத்தட்ட அதில் இல்லவே இல்லை.

ஐடிசி, கவுன்டர்பாயின்ட் போன்ற சந்தை ஆய்வு நிறுவனங்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு காலாண்டில் ஆலையிலிருந்து கடைகளுக்கு அனுப்பிய போன்களின் எண்ணிக்கை. இதில் ஐஃபோன் எப்போதும் கொஞ்சம் சிறுத்துத் தெரியும். காரணம் எளிது. ஒரு ஐஃபோன் முதலில் அண்ணன் கையில் மூன்று வருடம், பிறகு தங்கை கையில் இரண்டு வருடம், அதன் பிறகு பழைய போன் சந்தைக்குப் போய் வேறொரு நாட்டில் இன்னொருவர் கையில் இரண்டு வருடம் என்று வாழ்கிறது. அனுப்பிய கணக்கில் அது ஒரே ஒரு முறைதான் பதிவாகும்.

மூன்றாவது, இப்போது உயிரோடு இருக்கும் கருவிகளின் எண்ணிக்கை. அதை நிறுவனங்களே அவ்வப்போது சொன்னால்தான் உண்டு. ஆண்ட்ராய்டு 300 கோடி கருவிகளைத் தாண்டியதாக 2021 மே மாதம் கூகுள் சொன்னது. ஆப்பிள் 2025 ஜனவரியில் 235 கோடி என்றது. அதில் ஐபேட், மேக், கடிகாரம் எல்லாம் அடக்கம் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

ஆகவே ஜப்பானுக்கு ஒரு கணக்கிலிருந்தும் பிரேசிலுக்கு இன்னொரு கணக்கிலிருந்தும் எடுத்துவிடாதீர்கள். ஆளாளுக்குச் சண்டை போடும் இழைகளில் பாதி இதில்தான் தொடங்குகிறது.

பழையபொத்தான்:

அளவுகோல் சொன்னது சரி. ஆனால் எந்தக் கணக்கை எடுத்தாலும் ஜப்பான், ஜப்பான்தான். காரணத்துக்கு வருவோம்.

எனக்கு நோக்கியா காலத்திலிருந்து இந்தத் துறையோடு பழக்கம். நான் பார்த்தவரை, ஒரு நாட்டில் எந்தப் போன் ஓடும் என்பதை அந்தப் போனின் குணத்தைவிட, அது வாங்குபவர் கைக்கு எந்த வழியாக வருகிறது என்பதுதான் அதிகம் தீர்மானித்திருக்கிறது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் ஐஃபோன் 3ஜி அங்கே 199 டாலருக்கு விற்றது. அது போனின் விலையே அல்ல. இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மீதித் தொகையைத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஆப்பிளுக்குக் கொடுத்துவிடும். பிறகு மாதாமாதம் உங்கள் கட்டணத்திலிருந்து அதைப் பிடித்துக்கொள்ளும். நல்ல ஆண்ட்ராய்டு போனும் அதே 199தான். கடைக்குள் நிற்பவருக்கு இரண்டும் ஒரே விலை என்று தெரியும்போது யார் மலிவானதைத் தேடுவார்கள்?

இந்தியாவில் பெரும்பாலானவர்கள் முன்பணம் கட்டும் சிம்காரர்கள், பிரேசிலிலும் அப்படிப்பட்டவர்கள் நிறைய. போனை முழுக்காசு கொடுத்துத் தனியாக வாங்குவார்கள். அங்கே விலை வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். பிரேசிலில் இறக்குமதி வரி வேறு தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஆக வெட்டிவாதி சொன்ன 'காசு' பாதி சரி. ஆனால் கேள்வி 'எவ்வளவு காசு இருக்கிறது' என்பதில்லை. 'யார் கையிலிருந்து, எப்போது போகிறது' என்பதுதான்.

வெட்டிவாதி:

பாதி சரி என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி அண்ணே. மீதிப் பாதியையும் வாங்காமல் விடமாட்டேன்.

கிழக்குக்காற்று:

ஜப்பான் என்றதும் வந்துவிட்டேன். பதினோரு வருடம் அங்கே வேலை பார்த்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐஃபோன் வருவதற்கு முன்பே ஜப்பானியர்கள் கையில் 'ஸ்மார்ட்' போன் இருந்தது. பெயர்தான் வேறு. டோகோமோ என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஐ-மோட் இணையச் சேவை 1999இல் வந்தது. மின்னஞ்சல், செய்தி, டிக்கெட் முன்பதிவு எல்லாம் மடக்குப் போனிலேயே நடந்தன. 2004இலிருந்து போனைத் தட்டியே காசு கொடுக்கலாம். டிவி பார்க்கலாம். உலகத்தோடு ஒட்டாமல் தனித்தீவில் வளர்ந்த உயிரினம் மாதிரி இருந்ததால் அந்தப் போன்களுக்கு 'கலபகோஸ் போன்' என்றே பெயர் வைத்தார்கள். சுருக்கமாக 'கராகே'.

2008 ஜூலையில் ஐஃபோன் வந்தபோது அதில் இவை எதுவுமே இல்லை. அது தேறாது என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். கொண்டுவந்தது சாஃப்ட்பேங்க். அப்போது மூன்றாவது இடத்தில் இருந்த நிறுவனம், இழக்க ஒன்றுமில்லை. அந்த நாட்டுக்காரர்களுக்கு எமோஜி இல்லாமல் ஆகாது என்பதால் அந்த ஆண்டு இறுதிக்குள் ஐஃபோனில் எமோஜி வந்தது, முதலில் அங்கே மட்டும். 2009இல் இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு 8 ஜிபி ஐஃபோனை இலவசமாகவே கொடுத்தார்கள். வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் சாயச் சாய மற்றவர்களுக்கு வேறு வழி இல்லை. 2011இல் ஏயு, கடைசியாக 2013இல் டோகோமோ. மூன்று பெரிய நிறுவனங்களும் ஒரே போனைப் போட்டி போட்டுத் தள்ளுபடியில் விற்ற நாடு அது. அதே 2013இல்தான் என்இசி, பானசோனிக் இரண்டும் ஸ்மார்ட்போன் கடையைச் சாத்தின.

அடுத்தது நுழைவாயில். டோக்கியோவில் காலை எட்டு மணிக்கு ரயில் நிலையக் கதவில் நின்று பாருங்கள். யாரும் நிற்பதில்லை. நடந்துகொண்டே அட்டையைத் தட்டிவிட்டுப் போவார்கள். ஒரு வினாடி தாமதித்தால் பின்னால் வருபவர் உங்கள் முதுகில் இடிப்பார். அந்த வேகத்துக்கு ஃபெலிகா என்ற தனிச் சில்லு வேண்டும். 2016இல் ஐஃபோன் 7இல் ஜப்பானுக்கு மட்டும் அதைச் சேர்த்து சுயிகா என்ற ரயில் அட்டையைப் போனுக்குள் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம் ஐஃபோன் 8இலிருந்து உலகத்தில் எங்கே வாங்கினாலும் அது உள்ளே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் இன்றும் ஜப்பானுக்கென்று விற்கும் மாதிரிகளில்தான் பெரும்பாலும் வேலை செய்யும். வெளிநாட்டிலிருந்து வந்த ஆண்ட்ராய்டுக்காரர் அட்டை வாங்க இயந்திரத்தின் முன் நிற்பார். ஐஃபோன்காரர் நடந்துபோய்விடுவார். முகத்தைக் காட்ட வேண்டாம், திரையைத் தொட வேண்டாம், பையிலிருந்து எடுத்துத் தட்டினால் போதும்.

2019 அக்டோபரில் அரசு சட்டம் கொண்டுவந்து ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தரும் தள்ளுபடியை 20,000 யென்னுக்குள் கட்டுப்படுத்தியது. ஐஃபோனை இலவசமாக வாரிக் கொடுத்த காலம் அதோடு மங்கத் தொடங்கியது. ஆனால் அதற்குள் பத்து வருடப் பழக்கம். அம்மா, அப்பா, பள்ளிக்கூடத் தோழி எல்லோரிடமும் ஐஃபோன். சட்டத்தால் தள்ளுபடியைத்தான் குறைக்க முடிந்தது.

தொடுதிரை:

காற்று ஐயா, அருமை. 'தேறாது' என்ற போன், மூன்றாமிடக்காரரின் அவசரத்தால் நிலைத்தது என்பது புதுச் செய்தி எனக்கு. கொரியாவுக்கும் இதேபோல ஒரு கதை இருக்குமே?

அளவுகோல்:

இருக்கிறது, இதற்கு நேர் எதிராக. கொரியாவில் விற்கும் எல்லாப் போனிலும் விபி என்ற உள்நாட்டுத் தளம் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அது நீங்கியது 2009 ஏப்ரலில். ஐஃபோன் அந்த நாட்டில் கால் வைத்தது 2009 நவம்பரில். அடுத்த வருடமே சாம்சங் முதல் கேலக்ஸி எஸ்ஸை இறக்கியது, அதுவும் தன் சொந்த மண்ணில். விதி இரண்டு வருடம் முன்பே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சின்ன விஷயங்களும் உண்டு. கொரியாவில் தொலைபேசி உரையாடலைப் பதிவு செய்வது பலருக்கும் அன்றாட வேலை. உரையாடலில் இருக்கும் ஒருவர் பதிவு செய்வது அங்கே குற்றமில்லை. சாம்சங் போனில் ஒரு பொத்தான். ஐஃபோனில் 2024 அக்டோபர் வரை அந்த வசதியே கிடையாது. வந்தபோதும் 'இந்த அழைப்பு பதிவாகிறது' என்று எதிராளி காதில் அறிவித்துவிட்டுத்தான் தொடங்கும். அப்புறம் யார் பேசுவார்? ஆப்பிள் பே அங்கே வந்தது 2023 மார்ச்சில், அதுவும் ஒரே ஒரு அட்டை நிறுவனத்தோடு. இத்தனைக்கும் இருபது வயதுப் பிள்ளைகளிடம் ஐஃபோன்தான் மோகம். ஆகவே 'கொரியா ஆண்ட்ராய்டு நாடு' என்பதை நாற்பது வயதுக்கு மேல் என்று திருத்தி வாசிக்கலாம்.

கோதைமொழி:

பிள்ளைகள் என்றதும் ஒன்று. நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது போன் வாங்கித் தருவதாகச் சொன்னோம். நல்ல கேமரா உள்ள ஆண்ட்ராய்டு ஒன்றைக் காட்டினேன். அவள் அதைத் தொடக்கூட இல்லை. "அம்மா, நான் பச்சையா தெரிவேன்" என்றாள். எனக்கு ஒரு நிமிடம் என்னவென்றே புரியவில்லை.

ஐஃபோனிலிருந்து ஐஃபோனுக்குப் போகும் செய்தி நீலக் குமிழியில் தெரியும். ஆண்ட்ராய்டிலிருந்து வருபவருக்கு அனுப்பினால் பச்சை. அப்போதெல்லாம் பத்துப் பேர் குழுவில் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு நுழைந்தால் குழு முழுக்கப் பழைய குறுஞ்செய்தி முறைக்கு இறங்கிவிடும். யார் தட்டச்சு செய்கிறார் என்று தெரியாது, அனுப்பிய வீடியோ தபால்தலை அளவுக்குச் சுருங்கி மங்கிப்போகும். பிள்ளைகள் மொழியில் சொன்னால் 'குழுவைக் கெடுத்தவள்'. பதின்மூன்று வயதில் அதைவிடப் பெரிய தண்டனை ஏது? அமெரிக்கப் பதின்ம வயதினரிடம் ஆண்டுதோறும் ஒரு கருத்துக்கணிப்பு எடுக்கிறார்கள். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் சமீப ஆண்டுகளில் 85 சதவீதத்துக்குக் குறையவில்லை. அவர்கள் எல்லோரும் இயங்குதளங்களை ஒப்பிட்டுப் பார்த்தா வாங்கினார்கள்?

வெட்டிவாதி:

வாட்ஸ்அப் போட்டால் இந்தப் பச்சை நீலப் பஞ்சாயத்தே இல்லையே. அமெரிக்கர்களுக்கு அது தெரியாதா?

கோதைமொழி:

தெரியும் வெட்டி. தேவைப்படவில்லை. இங்கே மாதக் கட்டணத்திலேயே குறுஞ்செய்தி வரம்பில்லாமல் கிடைத்தது. மற்ற நாடுகளில் ஒவ்வொரு செய்திக்கும் காசு போனதால், அதுவும் நாடு விட்டு நாடு அனுப்பினால் நிறையப் போனதால், 2009இல் வந்த வாட்ஸ்அப்பை மக்கள் இரு கைகளாலும் வாரிக்கொண்டார்கள். இங்கே அந்த இடம் காலியாகவே இல்லை. 2011இல் ஐமெசேஜ் வந்து அதே குறுஞ்செய்திப் பெட்டிக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது.

2022இல் ஒரு மேடையில் ஒருவர், அம்மாவுக்கு அனுப்பும் வீடியோ சரியாகப் போவதில்லை என்று கேட்டதற்கு டிம் குக், அம்மாவுக்கு ஒரு ஐஃபோன் வாங்கிக் கொடுங்கள் என்று பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள் மீது வழக்குப் போட்டபோது இந்தக் குமிழிக் கதையும் புகாரில் இடம்பிடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், பழைய குறுஞ்செய்தி முறைக்குப் பதிலான ஆர்சிஎஸ் என்ற புது முறை ஐஃபோனுக்கு வந்து வீடியோ ஒருவழியாகத் தெளிவானது. நிறம் மட்டும் இன்னும் பச்சைதான் :)

அளவுகோல்:

கோதைமொழி, இதை அப்படியே திருப்பிப் போட்டால் சீனா. அங்கே கூகுள் ப்ளே இல்லை, வாட்ஸ்அப் இல்லை. பேச்சு, பணம், டாக்சி, மருத்துவர் சந்திப்பு எல்லாம் விசாட்டுக்குள். 2017இலிருந்து 'குறுஞ்செயலி'கள் வேறு. தனியாக நிறுவ வேண்டாம், விசாட்டுக்குள்ளேயே திறக்கும். எந்தப் போனை எடுத்தாலும் விசாட்டைத் திறந்தால் அதே வீடு. அதனால் சீனப் பயனர் காலையில் ஐஃபோனை வைத்துவிட்டு மாலையில் ஹுவாவேக்கு மாறிவிட முடியும். அமெரிக்காவில் ஆளைக் கட்டிப்போட்ட கயிறு அங்கே ஆப்பிள் கையில் இல்லை, விசாட்டின் சொந்தக்காரரான டென்சென்ட் கையில்.

இது ஏதோ கற்பனை அல்ல, நடந்ததுதான். 2019 மே மாதம் அமெரிக்கா ஹுவாவேயைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. புதுப் போன்களில் கூகுள் சேவைகள் போயின. ஐரோப்பாவில் ஹுவாவே விற்பனை படுத்துவிட்டது. ஜிமெயிலும் வரைபடமும் இல்லாத போனை அங்கே யார் வாங்குவார்? சீனாவில் அந்த இழப்பு யாருக்கும் உறைக்கவே இல்லை, ஏற்கெனவே இல்லாததுதானே. சில்லு கிடைக்காமல் அங்கேயும் சரிந்தவர்கள், 2023 ஆகஸ்டில் மேட் 60 ப்ரோ வந்ததும் எழுந்துகொண்டார்கள். 2024 அக்டோபரில் வந்த அவர்களது சொந்த இயங்குதளமான ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்டில் ஆண்ட்ராய்டு செயலி நேரடியாக ஓடாது. கூகுள் ஆப்பிள் இரண்டையும் சாராத மூன்றாவது தளம், வளர்ந்து நிற்கும் ஒரே நாடு இன்றைக்கு அதுதான்.

ஆப்பிள்தோப்பு:

எத்தனை காரணம் சொன்னாலும் ஆண்ட்ராய்டு என்பது சந்தைக்கடை. ஐஃபோன் வீடு. தரம் தெரிந்தவன் வீட்டுக்கு வருவான்.

வெட்டிவாதி:

வீடா அது? ஜன்னலைத் திறக்கவும் முதலாளியிடம் கேட்க வேண்டிய விடுதி அது. எங்கள் சந்தையில் யாரும் யாரையும் கேட்க வேண்டாம். திறந்த மூலம்!

பழையபொத்தான்:

தம்பி வெட்டி, 'திறந்த மூலம்' என்று முழங்கும் முன் ஒன்று. ஆண்ட்ராய்டின் மூலநிரல் திறந்ததுதான். ஆனால் ப்ளே ஸ்டோரும் வரைபடமும் கூகுளின் சொத்து, உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமத்தோடு தேடல், குரோம் எல்லாவற்றையும் கட்டி அனுப்பியதற்குத்தான் 2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோ அபராதம் போட்டது. தோப்புத் தம்பி, உங்கள் வீட்டிலும் 2024 மார்ச்சில் ஐரோப்பாவில் மட்டும் சட்டம் போட்டு வெளிக்கடைக்கு ஒரு கதவு திறக்க வைத்தார்கள். ஒரே போன், பாரிஸில் ஒரு கதவு கூடுதல். நாடு மாறினால் போனே மாறுகிறது, பாருங்கள்.

மட்டுறுத்துநர்:

வீடு, விடுதி, சந்தை மூன்றும் போதும். அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே நாடுகளைப் பற்றிப் பேசுங்கள்.

பழையபொத்தான்:

உத்தரவு. நாடுகள் என்றால் செத்துப்போனவற்றையும் பேச வேண்டும்.

இந்தோனேசியாவில் ஒரு காலம் பிளாக்பெரிதான் ராஜா. கனடா கம்பெனி, வேலைக்காரர்களின் மின்னஞ்சலுக்குச் செய்த போன். அங்கே கல்லூரிப் பிள்ளைகள் கையில் இருந்தது, பிபிஎம் அரட்டைக்காக. பெயர் அட்டையில் தொலைபேசி எண்ணுக்குப் பதில் பிபிஎம் எண்ணை அச்சிட்டவர்கள் உண்டு. மற்ற போன்களுக்கு பிபிஎம்மைக் கொடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்திருந்து, கடைசியில் 2013 அக்டோபரில் கொடுத்தார்கள். அதற்குள் வாட்ஸ்அப் ஊரைச் சுற்றிவிட்டது. கோதைமொழி சொன்ன அதே கயிறுதான், ஆனால் இவர்கள் கையில் அறுந்தது. பழைய பிளாக்பெரி போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4ஆம் தேதி மொத்தமாக நின்றது.

விண்டோஸ் போன் கதை இன்னும் சோகம். நான் லூமியா வைத்திருந்தவன், இன்றும் அந்த எழுத்துருவை நினைத்தால் ஏக்கம் வரும். 2013 இறுதியில் ஐரோப்பாவின் ஐந்து பெரிய நாடுகளில் புது விற்பனையில் பத்தில் ஒன்று அது. இத்தாலியில் ஐஃபோனையே முந்தியிருந்தது. அதே நேரம் அமெரிக்காவில் ஐந்து சதவீதம் தொடுவதே பாடு. செயலி எழுதுகிறவர்கள் எங்கே இருந்தார்கள்? கலிஃபோர்னியாவில். அவர்கள் பார்த்தது தங்கள் பக்கத்து மேசையை, மிலானை அல்ல. இன்ஸ்டாகிராம் 2013 நவம்பரில்தான் எட்டிப்பார்த்தது, ஸ்னாப்சாட் வரவே இல்லை. 2015இல் மைக்ரோசாப்ட் 760 கோடி டாலரை நட்டமாக எழுதிவிட்டுக் கையைக் கழுவியது.

சவானா:

ஆப்பிரிக்காவை யாரும் தொடவில்லையே. நைரோபியில் ஆறு வருடம் இருந்தேன், இரண்டு வார்த்தை.

நைஜீரியா, கென்யா, எத்தியோப்பியா எங்கு போனாலும் கண்ணில் படுவது டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ். மூன்றும் ஷென்ஷெனில் இருக்கும் டிரான்ஷன் என்ற ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள். சீனாவில் அவர்கள் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது, அங்கே விற்பதே இல்லை. கருத்த தோலுக்கு ஏற்ப ஒளியைக் கணக்கிடும் கேமரா, இரண்டு மூன்று சிம் போட இடம், நாள்கணக்கில் நிற்கும் பேட்டரி, எத்தியோப்பிய மொழியான அம்ஹாரிக்கில் விசைப்பலகை. இதை யோசித்துச் செய்தார்கள், சந்தை அவர்கள் பக்கம் வந்தது. இவர்களுக்கு ஆண்ட்ராய்டைத் தவிர வேறு வழி கிடையாது. ஐஓஎஸ்ஸை ஆப்பிள் யாருக்கும் உரிமம் கொடுப்பதில்லை. ஆகவே அங்கே 'ஆண்ட்ராய்டு ஜெயித்தது' என்பதே சரியான பேச்சில்லை. எதிரில் ஆளே இறங்காத ஆட்டம் அது.

இன்னொன்றும் மறக்காதீர்கள். 2007இல் கென்யாவில் தொடங்கிய எம்-பெசா, பொத்தான் போனிலேயே பணம் அனுப்பியது. ஜப்பானில் தட்டுவதற்குச் சில்லு தேவைப்பட்டது போல அங்கே எதுவும் தேவைப்படவில்லை. சந்தையில் தக்காளி விற்கும் அம்மா சின்னப் போனில் நான்கு இலக்கம் அடித்து முடித்துவிடுவார். ஸ்மார்ட்போனுக்கு மாற அவசரம் ஏன் வரும்? உங்கள் சதவீதக் கணக்கில் அந்த அம்மா எந்தப் பக்கமும் இல்லை. இந்தியாவில் 2017இல் ஜியோபோன் வழியாகக் காய்ஓஎஸ் என்ற பொத்தான் போன் இயங்குதளம் பரவியதும் இந்த வகைதான். ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் செத்த பிறகு அதன் எலும்பிலிருந்து எழுந்தது அது.

குறிமுறை:

தொடுதிரை, உங்கள் கேள்வி எது முதலில் என்பதுதானே? நான் ஒன்பது வருடமாகச் செயலி எழுதிப் பிழைக்கிறவன். என் அனுபவத்தில் நாடுவாரிச் சதவீதத்தை நேரடியாகப் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

முதலில் காசு. ஆப்பிள் கடையில் மக்கள் செலவிடும் தொகை கூகுள் ப்ளேயில் செலவிடுவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, கருவி எண்ணிக்கை குறைவாக இருந்தும். அதனால்தான் பல செயலிகள் ஐஃபோனில் முதலில் முகம் காட்டுகின்றன. சந்தாவில் பிழைக்கும் செயலி என்றால் இது பெரிய விஷயம். விளம்பரத்தில் பிழைப்பது என்றால் ஆள் எண்ணிக்கைதான் முக்கியம், அப்போது ஆண்ட்ராய்டு.

அடுத்தது உழைப்பு. என் மேசை இழுப்பறையில் பதினோரு ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது, மூன்று ஐஃபோன் இருக்கிறது. மூன்றில் ஓடினால் பெரும்பாலும் எல்லா ஐஃபோனிலும் ஓடும். பதினொன்றில் ஓடியது பன்னிரண்டாவதில் ஓடும் என்று சத்தியம் பண்ண முடியாது. ஒருமுறை, தினமும் காலை ஏழு மணிக்கு நினைவூட்டும் அறிவிப்பு ஒரு குறிப்பிட்ட கம்பெனி போனில் மட்டும் வரவில்லை. பெயர் வேண்டாம். இரண்டு வாரம் தேடினேன். கடைசியில் பார்த்தால் பேட்டரியைச் சேமிக்கிறேன் பேர்வழி என்று அந்தப் போன் இரவில் எங்கள் செயலியைக் கொன்றுவிடுகிறது. அமைப்புகளில் நான்கு படி உள்ளே போய் ஒரு பொத்தானை மாற்றினால்தான் விடியும். பயனருக்கு எப்படிச் சொல்வது? திரைப்பிடிப்பு எடுத்து ஒட்டி, அம்புக்குறி போட்டு ஒரு உதவிப் பக்கம் எழுதினோம். இன்றைக்கும் எங்கள் தளத்தில் அதிகம் திறக்கப்படும் பக்கம் அதுதான்.

உங்களுடையதும் மொழிச் செயலி. தினமும் நினைவூட்டுவீர்கள், இல்லையா?

தொடுதிரை:

காலை ஏழு மணிக்கே :( 

சந்தாதான் திட்டம். முதலில் இறங்க நினைத்த நாடுகள் ஜப்பான், பிரேசில், கென்யா. இதையெல்லாம் படித்தபின் 'எது முதலில்' என்று ஒரே பதில் தேடியதே தப்பு என்று தோன்றுகிறது.

குறிமுறை:

ஜப்பானை மட்டும் எடுத்தால் ஐஃபோன், யோசிக்கவே வேண்டாம். பிரேசிலுக்கு ஆண்ட்ராய்டு. அங்கே பல திட்டங்களில் வாட்ஸ்அப்புக்கு டேட்டா கணக்கில் வராது, ஆகவே நினைவூட்டலையே வாட்ஸ்அப் வழியாக அனுப்பிப் பாருங்கள். கென்யாவுக்குச் செயலியின் அளவைக் குறையுங்கள், 1 ஜிபி நினைவகத்துக்காக வந்த ஆண்ட்ராய்டு கோ போன்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

சவானா:

கென்யாவில் சந்தாவுக்கு அட்டை எண் கேட்டால் பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள். எம்-பெசா வையுங்கள். மாதச் சந்தாவுக்குப் பதில் வாரச் சந்தா, அல்லது ஒரு நாளுக்கு.

தொடுதிரை:

சவானா, வாரச் சந்தா என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை, நன்றி. நேற்று நால்வரும் உட்கார்ந்து பேசினோம். ஜப்பானுக்கு ஐஃபோனில் முதலில் இறங்குகிறோம். அதில் வருவதை வைத்து ஆறு மாதத்தில் ஆண்ட்ராய்டுக்கு ஒரு ஆளை எடுக்கிறோம். நினைவூட்டலை வாட்ஸ்அப்பில் அனுப்புவதைப் பிரேசிலில் சோதிப்போம்.

வெட்டிவாதி:

கடைசியில் ஐஃபோன்தான் முதலில். காசு வரும் இடம் என்பதால். நான் முதல் பதிலிலேயே சொன்னது என்ன?

பழையபொத்தான்:

மீதிப் பாதியையும் வாங்கிவிட்டாய் தம்பி, சந்தோஷமா?

குறிமுறை:

தொடுதிரை, ஆண்ட்ராய்டுக்கு ஆள் எடுக்கும் முன் ஒரு பழைய டெக்னோ போன் வாங்கி வையுங்கள். வேண்டுமென்றால் என் இழுப்பறையில் ஒன்று கூடுதலாக இருக்கிறது. திரையில் கீறல் உண்டு, ஆனால் அறிவிப்பு வரும்.